ஹேவ் வந்த வழி

பிரம்மதேசத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) முற்றியிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மண்ணுக்குள் இருந்த காய் ஈரத்தில் முளைவிடத் தொடங்கிவிட்டது. செடியைப் பிடித்து இழுத்தால் கொடி மட்டும் கையோடு வந்தது; காய் மண்ணிலேயே தங்கியது. மாலை வகுப்புக்கு வந்த பையன் சேற்றுக் காலோடு வாசலில் நின்றபடி, தாத்தா சொன்னதை அப்படியே சொன்னான்: "ரெண்டு நாளு முன்னாடியே புடுங்கியிருக்கலாம் சார்."

அன்றைய ஆங்கிலப் பாடத்தை அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்கினேன். "இதை இங்கிலீஷ்ல சொல்லுப்பா." அவன் யோசித்து, "வீ ஷுட் புல்டு" என்றான். பக்கத்தில் இருந்த பெண், "வீ ஷுட் புல்" என்று திருத்தினாள். அவள் சொன்னது நாளைக்குச் செய்யவேண்டிய வேலை. அவன் நேற்றைச் சொல்ல முயன்றான், ஆனால் வழியில் ஒரு சொல் விடுபட்டுவிட்டது. ஷுட்டுக்கும் புல்டுக்கும் நடுவே நிற்கவேண்டிய 'ஹேவ்' அது.

வேகமாகப் பேசும்போது காதில் விழாத அளவுக்குச் சின்னச் சொல். நம் பிள்ளைகள் எழுதும்போதும் அது அடிக்கடி காணாமல் போகிறது. ஆனால் நடந்திருக்க வேண்டியதையும், நடந்திருக்கக்கூடியதையும், நடக்காமலே போனதையும் ஆங்கிலம் சொல்வது இந்தச் சொல்லின் தோளில் ஏறித்தான். அது பிறந்த இடத்திலிருந்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட இந்த ஊர் வரை வந்த வழியைச் சொல்ல விரும்புகிறேன். வந்த வழி தெரிந்தால், பிள்ளைகள் அதை விட்டுவிட மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

கையில் பிடித்தது

ஹேவ் பிறந்தது கையில். அதன் வேர்ச்சொல்லுக்குப் 'பிடி, பற்று' என்று பொருள். லத்தீனில் பிடிப்பதைக் குறிக்கும் 'காபெரே' என்ற சொல்லுக்கு அது தூரத்து உறவு. பிடித்ததெல்லாம் உடைமையாயிற்று. பழைய ஆங்கிலத்தில் 'ஹப்பன்' என்றால் வைத்திருத்தல்: மாடு வைத்திருப்பது, நிலம் வைத்திருப்பது, வாள் வைத்திருப்பது.

பிறகு அது பொருளைத் தாண்டிச் செயலையும் பிடிக்கத் தொடங்கியது. ஒருவன் கடிதத்தை எழுதிய நிலையில் கையில் வைத்திருக்கிறான் என்று முதலில் சொன்னார்கள். எழுதிய கடிதம்தான் அங்கே உடைமை. காலப்போக்கில் கடிதத்திலிருந்து கவனம் நழுவி, எழுதி முடித்த செயலுக்குப் போய்விட்டது. 'ஹேவ் ரிட்டன்' அப்படித்தான் உருவாயிற்று. இது நமக்கு அந்நியமான போக்கே இல்லை. "லெட்டர் எழுதி வச்சிருக்கேன்" என்று நாமும் சொல்கிறோம். 'வை' என்ற சொல் நம் பேச்சிலும் பொருளை வைப்பதில் தொடங்கி, செயலை முடித்து வைப்பதில் வந்து நிற்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. வருதல், போதல் போன்ற வினைகளுக்குத் தமிழ் 'இரு' என்பதைச் சேர்க்கிறது: வந்திருக்கிறார், போயிருக்கிறார். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த வினைகளுக்கு 'ஹேவ்' கிடையாது. நம் 'இரு'வைப் போன்ற 'ஈஸ்'தான். 'ஹி ஈஸ் கம்' என்றால் 'அவர் வந்திருக்கிறார்'. ஜெர்மனும் பிரெஞ்சும் இன்றும் அந்த வழக்கத்தை விடவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஹேவ் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லா வினைக்கும் அதுவே துணை.

நேற்றைத் தொலைத்த நால்வர்

ஷுட், குட், மைட், வுட் ஆகிய நான்கும் இன்று துணைவினைகள். ஒரு காலத்தில் இவை தனித்தே நிற்கக்கூடிய வினைகளாக இருந்தன. 'ஷல்' என்றால் கடன்பட்டிருத்தல். அதன் ஜெர்மன் உறவான 'ஷுல்ட்' என்ற சொல் இன்றும் கடன், குற்றம் இரண்டையும் குறிக்கிறது. 'செய்ய வேண்டும்' என்ற கடமையின் அடியில் தீராத ஒரு கடன் கிடப்பதை அந்தச் சொல் மறக்கவில்லை. 'கேன்' என்றால் அறிதல். நாம் "நீந்தத் தெரியும்" என்று சொல்வது போலத்தான், அறிவே ஆற்றலாயிற்று. 'மே' என்றால் வலிமை. 'வில்' என்றால் விருப்பம்.

இந்த நான்கின் இறந்தகால வடிவங்களே ஷுட், குட், மைட், வுட். குட் என்பதை எழுதும்போது நடுவில் ஓர் 'எல்' எழுத்து வருகிறதே, அது பிறவியில் இருந்ததில்லை. ஷுட், வுட் இரண்டிலும் 'எல்' இருப்பதைப் பார்த்து, பின்னால் ஒட்டவைத்தது. ஒரே குடும்பம் என்று எழுத்திலும் காட்டிவிட்டார்கள்.

ஆனால் இந்தக் குடும்பத்துக்கு ஓர் இழப்பு நேர்ந்தது. இறந்தகாலத்தைச் சொல்லப் பிறந்த வடிவங்கள் மெல்ல மெல்ல நிகழ்காலத்துக்கு நகர்ந்துவிட்டன. இன்று 'யு ஷுட் கோ' என்றால் யாருக்கும் நேற்று நினைவுக்கு வராது. இப்போதோ நாளையோ நீ போக வேண்டும் என்பதே பொருள். அப்படியானால் நேற்று போயிருக்க வேண்டியதை எப்படிச் சொல்வது? ஷுட்டிலிருந்து இறந்தகாலம் கரைந்துவிட்டது. அதன் பின்னால் வரும் வினையிலும் அதைக் காட்ட வழியில்லை, ஏனென்றால் இந்தத் துணைவினைகள் தங்களுக்குப் பின்னால் வெறும் வினையடியை மட்டுமே அனுமதிக்கும். 'ஷுட் வென்ட்' என்று சொல்ல முடியாது.

அங்கேதான் ஹேவ் உள்ளே வந்தது. அதுவும் வினையடியாகவே வந்ததால் ஷுட் அதை ஏற்றுக்கொண்டது. வரும்போது முடிந்த செயலையும் தன் கையில் பிடித்துக்கொண்டு வந்தது: 'ஷுட் ஹேவ் கான்'. அந்த நால்வர் தொலைத்துவிட்ட நேற்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தது ஹேவ். பதினான்காம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் எழுதிய ஆங்கிலத்தில் இந்தக் கூட்டணி இயல்பாகவே புழங்குகிறது.

இவ்வளவு வேலையையும் ஏற்றுக்கொண்ட சொல் தன் குரலை இழந்தது. விரைந்து பேசும்போது ஹேவ் தேய்ந்து 'அவ்' ஆகிறது, சில வாய்களில் வெறும் 'வ்' ஆகிறது. தாய்மொழியாகவே ஆங்கிலம் பேசுகிறவர்களிலும் பலர் காதில் விழுந்ததை நம்பி 'ஷுட் ஆஃப்' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே அது வேறு சொல்லாகத் திரிகிறது, நம் பிள்ளைகளிடம் இல்லாமலே போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: மிகவும் பாரம் சுமக்கும் சொல் மிகவும் மெல்லிய குரலில் ஒலிக்கிறது.

பட்டியலில் ஏறியது

1795ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க் நகரில் லிண்ட்லி மர்ரே ஓர் ஆங்கில இலக்கணம் வெளியிட்டார். அவர் அமெரிக்காவில் பிறந்து, வழக்கறிஞராக இருந்து, பின்னர் யார்க்கில் குடியேறிய குவேக்கர். அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காக எழுதிய அந்த நூல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிக அதிகமாக அச்சான பாடநூல்களில் ஒன்றாயிற்று. 'லவ்' என்ற வினையை எடுத்துக்கொண்டு, 'மைட், குட், வுட், ஷுட் ஹேவ் லவ்டு' என்று அவர் ஒரு வரிசையில் நிறுத்தினார். 'பொட்டென்ஷியல் மூட்' என்ற தலைப்பின் கீழ் அதை வைத்தார். பேச்சில் கரைந்துகொண்டிருந்த சொல்லுக்கு மனப்பாடப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது. பிற்காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சி செய்த நாடுகளின் பள்ளிகளுக்கெல்லாம் இந்த வகைப் பட்டியல்தான் பயணம் செய்தது.

நம் பக்கத்துக் கரையை ஆங்கிலம் அதற்கு முன்பே தொட்டிருந்தது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கி, அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. 1801இல் கர்நாடக நவாபின் நிலப்பகுதி கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைத் தனக்குள் வைத்திருந்த தென்னார்க்காடு அப்படித்தான் அவர்கள் கைக்குப் போயிற்று. அதுவரை ஆங்கிலம் கணக்குப் புத்தகத்திலும் கடிதத்திலும் இருந்தது. 1835இல் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்பு எழுதப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் பின்னர் ஆங்கிலம் தேர்வாயிற்று, தேர்வு வேலையாயிற்று. 1853இல் அமைந்த அமெரிக்க ஆற்காடு மிஷன் திண்டிவனத்திலும் தன் நிலையத்தை ஏற்படுத்தியது. வகுப்பறை ஊருக்குப் பக்கத்தில் வந்தது.

பாடநூல்கள் மாறின. வட இந்தியாவில் கல்வி அதிகாரியாக இருந்த நெஸ்ஃபீல்டின் இலக்கணம் இந்தியப் பள்ளிகளுக்கென்றே வந்தது. 1935இல் ரென், மார்ட்டின் இருவரின் நூல் வெளியாயிற்று. சிவப்பு அட்டையோடு அதை மூன்று தலைமுறை வீடுகள் பாதுகாத்திருக்கின்றன. இன்று தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் 'மோடல்ஸ்' ஒரு தலைப்பு. யார்க்கில் பட்டியலில் ஏறிய சொல் பிரம்மதேசத்துப் பிள்ளையின் நோட்டுக்கு வந்து சேர இருநூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

ஒன்று இரண்டாகும் இடம்

நோட்டுக்கு வந்த சொல் மனத்துக்கு வருவதில்தான் சிக்கல். நாம் வழக்கமாகச் சூத்திரம் கொடுக்கிறோம்: ஷுட், அடுத்து ஹேவ், அடுத்து வினையின் மூன்றாம் வடிவம். பிள்ளைகள் அதைத் தேர்வுவரை சுமந்துபோய் அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறார்கள். பொருள் எங்கே பிரிகிறது என்பதைச் சொல்லாதவரை சூத்திரம் ஒட்டாது.

"அக்கா அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்ற ஒரே வாக்கியத்தைப் பாருங்கள். தாழ்ந்த குரலில் சொன்னால் ஊகம்: சொன்னாளோ இல்லையோ, தெரியாது. குரலை உயர்த்திச் சொன்னால் குறை: சொல்ல முடிந்தும் அவள் சொல்லவில்லை. ஆங்கிலம் முதலாவதற்கு 'மே ஹேவ்' அல்லது 'மைட் ஹேவ் டோல்டு' என்று சொல்லும். இரண்டாவதற்குக் 'குட் ஹேவ் டோல்டு' பொருந்தும். குறை இன்னும் கனமானால் 'ஷுட் ஹேவ்'.

அதேபோல "பஸ் வந்திருக்கணும்." நிறுத்தத்தில் கூட்டம் இல்லாததைப் பார்த்துச் சொன்னால், வந்து போய்விட்டது என்ற முடிவு: 'மஸ்ட் ஹேவ் கம்'. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னால், இன்னும் வரவில்லை என்ற கவலை: 'ஷுட் ஹேவ் கம்'. ஒன்றில் பஸ் போய்விட்டது, மற்றதில் பஸ் வரவே இல்லை. தமிழில் இந்த இரண்டையும் பிரிப்பது குரலும் சூழலும். ஆங்கிலத்தில் பிரிப்பது துணைவினை. "வந்திருக்கவே முடியாது" என்று உறுதியாக மறுத்தால் 'கான்ட் ஹேவ்'. "கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்" என்றால் 'வுட் ஹேவ்'.

குரலில் இருக்கும் வேறுபாட்டை எழுத்துக்கு மாற்றுவதுதான் பாடம் என்று சொன்ன நாளில் வகுப்பு மாறிவிட்டது. பிள்ளைகள் ஒரே வாக்கியத்தை இரண்டு குரலில் சொல்லிப் பார்த்தார்கள். எந்தக் குரலுக்கு எந்தச் சொல் என்று தாங்களே பிரித்தார்கள். ஆங்கிலம் கேட்பது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியவந்தது.

பக்கத்து ஊர் எண்ணாயிரம்

பிரம்மதேசம் என்ற பெயர் தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு உண்டு. அந்தணர்களுக்கு அரசர் கொடுத்த பிரம்மதேயத்தின் நினைவு அது. எங்கள் பிரம்மதேசத்துக்கு அடுத்த ஊர் எண்ணாயிரம். அங்குள்ள பெருமாள் கோயிலின் கல்வெட்டு, முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது பதினோராம் நூற்றாண்டின் முற்பாதியில், அங்கே நடந்த ஒரு கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. ஆசிரியர்கள் 14 பேர், மாணவர்கள் 340 பேர். வேதங்கள், மீமாம்சை, வேதாந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறது. இளநிலை மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், முதுநிலையினருக்கு ஒரு குறுணி 2 நாழி.

அந்த இளநிலை மாணவர்களில் 40 பேர் படித்தது இலக்கணம். நூல் 'ரூபாவதாரம்'. பாணினியின் சூத்திரங்களைக் கற்பதற்கு எளிதாகத் தலைப்பு வாரியாக மாற்றி அடுக்கி, தர்மகீர்த்தி என்ற பௌத்தர் எழுதியது அது. கடினமான இலக்கணத்தைப் பிள்ளைகளுக்கு இறக்கிக்கொடுக்க வேண்டும் என்ற கவலை இந்த மண்ணுக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

பாணினியின் இலக்கணத்தில் வினைக்குப் பத்து வகை வடிவங்கள் உண்டு. அவற்றில் ஒன்று 'லிருங்'. அது எதற்காக என்று பாணினி சொல்லும் காரணம்: செயல் நிகழாமல் போதல். நிகழாமல் போன செயலுக்கென்றே ஒரு வடிவம்! வடமொழி இலக்கணம் படிப்பவர்கள் இன்றும் அதற்குச் சொல்லும் எடுத்துக்காட்டு மழையைப் பற்றியது: நல்ல மழை பெய்திருந்தால் நாடு செழித்திருக்கும். ஹேவ் செய்யும் வேலையை, அது இந்தக் கரையைத் தொடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மல்லாட்டைக் கொல்லைகளுக்கு அப்பால் உள்ள அந்த ஊரில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வடிவத்தைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 'அபவிஷ்யத்' என்றால் 'நடந்திருக்கும்'. 'பவிஷ்யம்' என்றால் எதிர்காலம் என்பது நமக்குத் தெரியும். முன்னால் நிற்கும் 'அ' இறந்தகாலத்தின் அடையாளம். எதிர்காலத்தின் தலையில் இறந்தகாலத்தை ஏற்றினால், நடக்காமல் போனது கிடைக்கிறது.

ஆங்கிலத்தின் 'வுட் ஹேவ் கம்'மைப் பிரியுங்கள். எதிர்காலம் சொல்லும் 'வில்'லின் இறந்தகால வடிவம் வுட். அதோடு முடிந்த செயலைப் பிடித்துவரும் ஹேவ். அங்கேயும் எதிர்காலமும் இறந்தகாலமும் ஒன்றாக நிற்கின்றன.

இப்போது நம் 'வந்திருப்பேன்'. 'வந்து' என்பதில் இறந்தகாலம் இருக்கிறது. 'இருப்பேன்' என்பதில் உள்ள 'ப்ப்' எதிர்கால இடைநிலை. 'வந்திருக்க வேண்டும்' என்பதில் 'வந்து' இறந்தகாலம், 'வேண்டும்' எதிர்காலம். 'வந்திருக்கலாம்' என்பதன் கடைசி 'ஆம்', 'ஆகும்' என்பதன் குறுக்கம், அதுவும் எதிர்காலமே.

இந்த மூன்று மொழிகளும் ஒரே கட்டுமானத்துக்கு வந்து சேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நடக்காமல் போன ஒன்றை நினைக்கும் மனம், பின்னோக்கி நடந்து, அந்த நேற்று இன்னும் நாளையாக இருந்த இடத்தில் போய் நிற்கிறது. அங்கே நின்றுதான் 'இப்படி ஆகியிருக்கும்' என்று பார்க்கிறது. ஆகவே அந்த வினைக்கு இரண்டு காலமும் வேண்டியிருக்கிறது.

சொல்லாமல் விட்ட மிச்சம்

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணை கரை தாண்டியது. தண்ணீர் வடிந்த பிறகு மாவட்டம் முழுக்க மக்கள் பேசிய பேச்சில் இந்த வினைதான் நிறைந்திருந்தது. மாட்டை மேட்டில் கட்டியிருக்கலாம். சர்டிபிகேட்டை மேலே எடுத்து வச்சிருக்கணும். ஏரிக்கரையைப் பலப்படுத்தியிருந்தா ஊருக்குள்ள தண்ணி வந்திருக்காது. இழப்பைப் பேசவும் பொறுப்பைக் கேட்கவும் மக்கள் கையில் இருந்த கருவி அது. இதை ஆங்கிலத்திலும் பிழையின்றிச் சொல்லவும் எழுதவும் தெரிந்த பிள்ளை, நாளை ஒரு மனுவிலோ நேர்காணலிலோ வழக்கிலோ தன் ஊருக்காக 'ஷுட் ஹேவ்' என்று உறுதியாக நிற்கும். இந்தச் சின்னச் சொல்லுக்காக நான் இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

இந்த வருத்தத்தைப் பழந்தமிழும் அறியும். தொல்காப்பியம் 'மன்' என்ற இடைச்சொல்லுக்கு மூன்று பொருள் சொல்கிறது: கழிவு, ஆக்கம், ஒழியிசை. கழிவு என்பது போய்விட்டதைக் குறித்த இரக்கம். ஒழியிசை என்பது, சொன்ன சொல்லுக்குப் பின்னால் சொல்லாமல் ஒழிந்து நிற்கும் மிச்சம். ஒரே சொல்லில் வருத்தமும் இருக்கிறது, வருத்தத்துக்கு அப்பால் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது.

அந்தத் தாத்தாவின் வாக்கியத்துக்கே திரும்புகிறேன். பையன் இப்போது அதைச் சரியாகச் சொல்கிறான்: 'வீ ஷுட் ஹேவ் புல்டு இட் அப் டூ டேஸ் எகோ.' ஹேவ் அதற்குரிய இடத்தில் நிற்கிறது, காதில் விழும்படியும் ஒலிக்கிறது. "தாத்தா இதை ஏன் உங்கிட்ட சொன்னாரு?" என்று கேட்டேன். முளைவிட்ட காயை இனி யாராலும் திருப்ப முடியாது; அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பையன் யோசிக்கவே இல்லை. "அடுத்த பட்டத்துக்கு, சார்" என்றான்.